தண்டவாளம் எட்டாத ஊரில் ரயில்காரர்கள்

செய்யாரில் ரயில் நிலையம் கிடையாது. காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆரணி அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த ஆரணிக்கே ரயில் ஊருக்குள் வராது; களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். திண்டிவனம் இன்னும் தூரம். மூன்று பக்கமும் ரயில் ஓட, நடுவில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை நம்பியே இருந்துவிட்டது.

ஆனால் செய்யாரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் ரயில்வே பென்ஷன் வாங்கும் வீடுகள் உண்டு. ஆற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் கொஞ்ச நாள்தான். மானாவாரி நிலம் அண்ணன் தம்பி எல்லாருக்கும் சோறு போடாது. பட்டுத்தறி இருக்கிற வீட்டிலும் மூத்தவன் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் இளையவன் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். தண்டவாளம் பராமரிக்கிற கேங்குக்கு ஆள் எடுக்கிறார்கள், கலாசி வேலைக்கு எடுக்கிறார்கள் என்று காட்பாடியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ சேதி வரும். ஒரு டிரங்குப் பெட்டியோடு போனவர்கள், தலை நரைத்தபின் அதே டிரங்குப் பெட்டியோடு திரும்பினார்கள். பெட்டியின் மேல் மட்டும் வெள்ளை பெயின்டில் பெயரும் பதவியும் ஏறியிருந்தன.

அவர்கள் டிசம்பர் 17ஆம் தேதியை ஒட்டி ஒருநாள் கூடுகிறார்கள். சங்கம் இல்லை, பேனர் இல்லை. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கார்டு வீடு. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பாரே, அந்த கார்டு. தம்பி குடும்பம் இன்னும் நெசவு செய்கிறது. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் பாய் விரித்து உட்காருவார்கள். அன்றைக்கு மட்டும் தறி ஓயும்.

அந்தத் தேதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி டி.எஸ். நகாரா தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியம் அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுக்கிற தருமம் அல்ல, உழைத்தவனின் உரிமை. ஒரு தேதிக்கு முன் ஓய்வுபெற்றவன், பின் ஓய்வுபெற்றவன் என்று பிரித்து வஞ்சிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாடெங்கும் ஓய்வூதியர் அந்த நாளைத் தங்கள் நாளாக வைத்துக்கொண்டார்கள். கேங்மேனாக இருந்து கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பெரியவர்கூட நகாரா என்ற பெயரைச் சாமி பெயர் சொல்வதுபோலத்தான் சொல்கிறார்.

நான் அங்கே போவது அப்பாவின் இடத்தில். அப்பா ஒரு பாயிண்ட்ஸ்மேன். விழுப்புரம் – காட்பாடி மீட்டர் கேஜ் பாதையின் சிறு நிலையங்களில் அவருடைய உத்தியோகம் கழிந்தது. எங்கள் சிறுவயது, நிலையத்தை ஒட்டிய ஓட்டு வீட்டுக் குவார்ட்டர்ஸில் கழிந்தது. எனக்குப் பேரன் பேத்தி எடுக்கிற வயதாகிறது. அங்கே போனால் இன்னமும் ‘பாயிண்ட்ஸ்மேன் பொண்ணு’தான். “வா பாப்பா, லாம்ப் கொண்டாந்தியா?” என்பதுதான் வாசலில் கேட்கும் முதல் பேச்சு.

அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எஸ்.எம். சார், கார்டு சார், மேஸ்திரி, கீமேன், டிரைவர். பணி முடிந்து இருபது வருஷம் ஆனாலும் பதவிதான் பெயர். எஸ்.எம். என்றால் ஸ்டேஷன் மாஸ்டர். மேஸ்திரி என்றால் கேங்கை நடத்தியவர். அவர் வந்து உட்கார்ந்தால் அவரிடம் வேலை பார்த்தவர்கள் இன்றும் ஒரு கணம் எழுந்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். எஸ்.எம். சாருக்கு மட்டும் நாற்காலி. அது மரியாதைக்காக மட்டுமில்லை, அவருக்கு முட்டி மடக்க வராது.

பாயின் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து அவரவர் கொண்டுவந்ததை வைப்பார்கள். ஒரு ஊதல். காம்பு போன கைக்கடிகாரம். பக்கம் பக்கமாகத் திருத்தச் சீட்டுகள் ஒட்டித் தடித்துப்போன பொது விதிப் புத்தகம். ஓய்வுபெற்ற நாளில் மாலையோடு நடைமேடையில் எடுத்த, நிறம் மங்கிய போட்டோ. அட்டை டிக்கெட்டுகள் ஒரு பொட்டலம். கட்டைவிரல் அளவே இருக்கும் அந்த அட்டை டிக்கெட் 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ரயில்வே ஊழியர் யோசித்த ஏற்பாடு. வரிசை எண் அச்சிட்ட அட்டை, தேதி குத்த ஒரு சின்ன இரும்பு எந்திரம். அட்டையை எந்திரத்தின் வாயில் இழுத்தால் ‘டடக்’ என்று ஒரு சத்தம் வரும். கம்ப்யூட்டர் சீட்டு வரும்வரை நம் ஊர் நிலையங்களில் நூற்றைம்பது வருஷம் அந்தச் சத்தம் கேட்டது. குழந்தைக்கு அரை டிக்கெட் என்றால் ஓரத்தை வெட்டிக் கொடுப்பார்கள். அப்படி வெட்டின ஒரு டிக்கெட் அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும், அதில் போன குழந்தைக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போடாமல் கீழே வைப்பதில்லை.

இவற்றுக்கு நடுவில் இருக்கும் பிரம்பு வளையத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நுனியில் ஒரு தோல் பை தொங்குகிற பெரிய வளையம். பார்க்கிற பிள்ளைகள் ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்து எடுத்துச் சுற்றுகிறார்கள். ஒற்றைப் பாதையில் ஒரே தண்டவாளத்தில் இந்தப் பக்கத்து வண்டியும் அந்தப் பக்கத்து வண்டியும் போக வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதை உறுதிப்படுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரண்டு இரும்புப் பெட்டிகள். பெட்டிக்குள் உலோகப் பந்துகள். நீல்ஸ் பால் டோக்கன் என்று அதற்குப் பெயர். இந்த நிலையத்து மாஸ்டர் மணி அடித்துச் சங்கேதம் கொடுத்து லைன் கிளியர் கேட்பார். பாதை காலியாக இருந்தால் அந்த நிலையத்து மாஸ்டர் கொடுப்பார். அவர் கொடுத்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு பந்து வெளியே விழும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலும் இன்னொரு பந்து அசையாது. பக்கத்துப் பிரிவின் பந்து இந்தப் பெட்டியில் நுழையாதபடி வடிவத்திலேயே வித்தியாசம் வைத்திருப்பார்கள். அந்தப் பந்து தோல் பைக்குள் போய், வளையத்தோடு டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி நகரும்.

நிற்காமல் போகிற வண்டிக்கு ஓட்டத்திலேயே கொடுக்க வேண்டும். நடைமேடை ஓரத்தில் பாயிண்ட்ஸ்மேன் ஒரு கையில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். எஞ்சினிலிருந்து பயர்மேன் உடம்பைச் சாய்த்து, பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதிய வளையத்துக்குள் கையை நுழைத்து வாரிக்கொண்டு போவார். ஒரு நொடிகூட ஆகாது. இரவில் என்றால் வளையத்தின் மேல் வெளிச்சம் விழும்படி விளக்கைப் பிடிக்க வேண்டும். பயர்மேன் முகத்தை அப்பா எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்தது அந்த ஒரு நொடியில்தான். கரி அப்பிய முகம், சாய்ந்த தோள், நீண்ட கை. பேசியதில்லை. ஒருநாள் கைமாறுவதில் பிசகி வளையம் கீழே விழுந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து எடுக்க வேண்டும். வண்டி லேட்டானதற்கு விளக்கம் எழுத வேண்டும்.

செய்யார் வீட்டுப் பாயில் இருப்பது கழித்துப் போட்ட வளையம். பை கிழிந்திருக்கிறது. பந்து இல்லை. பந்துகளைப் பாதை மூடியபோது எண்ணி ஒப்படைத்தாகிவிட்டது. எஸ்.எம். சார் கையைக் குவித்து அதன் அளவைக் காட்டுவார். “இத்தினி இருக்கும். இது என் கையில இருந்தா ஐந்நூறு பேர் உயிர் என் கையில இருக்குன்னு அர்த்தம். தூக்கம் வருமா சொல்லு?” என்பார். எஞ்சின்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம், நானும் ஒய்.பி. நீராவி எஞ்சினின் ஊதல் சத்தத்துக்கு ஏங்குகிறவள்தான். ஆனால் இந்தப் பெரியவர்கள் ஏங்குவது எஞ்சினுக்காக இல்லை என்று வரவர எனக்குத் தோன்றுகிறது. முகம் தெரியாத ஒருவன் அந்தப் பக்கம் விழித்திருக்கிறான், அவன் பாதை காலி என்று சொன்னால் காலிதான் என்று நம்பி இந்தப் பக்கம் ஒருவன் ஐந்நூறு பேரை இருட்டுக்குள் அனுப்புகிறான். அப்படி நம்பி, அப்படி நம்பப்பட்டு வாழ்ந்த வாழ்க்கை பணி ஓய்வோடு நின்றுவிட்டது. வீட்டில் அவர்களை மதிக்கிறார்கள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல் ஒன்றுக்காக எதுவும் காத்து நிற்பதில்லை. வருஷத்தில் ஒருநாள் அந்தப் பாயில் மட்டும் நிற்கிறது.

மேஸ்திரி கொண்டுவருவது எதுவும் இல்லை. அவர் பேச்சுத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு ரோந்து போவது அவர் கேங்கின் வேலை. சாக்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் விளக்கு, தோளில் பை. பையில் சிவப்புக் கொடி, டெட்டனேட்டர், ரோந்துப் புத்தகம். இருட்டில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற ரோந்துக்காரனைச் சந்தித்து, எண் தகட்டை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். தகடு மாறியிருந்தால்தான் இவன் தன் எல்லைவரை நடந்தான் என்பதற்குச் சாட்சி. ஓடையில் தண்ணீர் உயர்ந்திருக்கிறதா, பாலத்தடியில் மண் அரித்திருக்கிறதா, ஜல்லி அடித்துக்கொண்டு போயிருக்கிறதா என்று பார்த்தபடி நடக்க வேண்டும்.

1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேல் உயிர்ப்பலி. ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மேஸ்திரி அப்போது சிறுபிள்ளை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் மழையில் அவருடைய மேஸ்திரி அவருக்குச் சொன்ன முதல் கதை அதுதான். “மந்திரி ராஜினாமா பண்ணாரு, சரி. பாலத்தைப் பாக்கப் போவ வேண்டியவன் நீதான்டா” என்று சொல்லித்தான் விளக்கைக் கையில் கொடுத்தாராம். பிறகு தன்னிடம் வந்த ஒவ்வொரு பையனுக்கும் இவரும் அதையே சொல்லியிருக்கிறார். அரியலூர் விபத்தைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இந்த வாக்கியம் இருக்காது. ஒரு கேங்கிலிருந்து அடுத்த கேங்குக்கு வாய்வழியாக வந்த பாடம் அது. வாங்கிக்கொள்ள மேஸ்திரிக்கு இப்போது ஆளில்லை.

கார்டு சார் பெருமையாகச் சொல்வது டெட்டனேட்டர் கணக்கு. வண்டி நடுவழியில் நின்றுபோனால் பின்னால் வருகிற வண்டியைத் தடுக்க கார்டு இறங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். நானூறு மீட்டரில் ஒரு டெட்டனேட்டரைத் தண்டவாளத்தில் பொருத்த வேண்டும். எண்ணூறு மீட்டரில் மூன்று, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில். சக்கரம் ஏறினால் வெடிக்கும். சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். “மழையோ, பாம்போ, நடக்கணும். வண்டியில இருக்கிற ஜனம் தூங்கிகினு இருக்கும். நீ நடக்கிறது அவங்களுக்குத் தெரியாது” என்பார். சொல்லும்போது அவர் கால்கள் பாயில் லேசாக அசைகின்றன.

பெண்கள் முன்பு வந்ததில்லை. இப்போது குடும்ப பென்ஷன் வாங்கும் சிலர் வருகிறார்கள். ஒரு டிரைவரின் மனைவி தன் வீட்டுக்காரர் ஊதலை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவருவார். அவர் பேசினால் மற்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். ஏனென்றால் அவர் சொல்கிற பாதி அவர்களுக்கே தெரியாது. நடுராத்திரி கால்பாய் வந்து கதவைத் தட்டுவான். இன்ன வண்டிக்கு இன்ன மணிக்கு என்று புத்தகத்தில் கையெழுத்து வாங்குவான். அவன் போனதும் அடுப்பைப் பற்றவைத்து, மூன்று வேளைக்குத் தாங்கும்படி புளிச்சோறு கட்டி, லைன் பாக்ஸில் வைக்க வேண்டும். குழந்தைகள் எழுந்துவிடாமல் எல்லாவற்றையும் இருட்டில் செய்ய வேண்டும். “அவரு வண்டி ஊதற சத்தத்த வெச்சே அவருதான்னு சொல்லிடுவேன். ஒவ்வொரு டிரைவரும் ஒரு மாதிரி ஊதுவாங்க. எங்க கேட்டத் தாண்டும்போது அவரு ரெண்டு தடவ நீட்டி ஊதுவாரு. அது விதியில இல்ல” என்றார். டிரைவர்கள் இருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களும் ஊதியிருக்கிறார்கள் போலும்.

அம்மாவும் அப்படித்தான். அப்பாவுக்கு இரவு டியூட்டி என்றால் அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பாசஞ்சர் போகும்வரை விழித்திருப்பாள். எங்கள் குவார்ட்டர்ஸில் கடிகாரம் இல்லை, தேவைப்படவில்லை. காலை வண்டி போனால் அடுப்பு, மாலை வண்டி வந்தால் விளக்கு. அப்பாவின் விளக்கை நான் துடைப்பேன். மேலே ஒரு கைப்பிடி. அதைத் திருகினால் உள்ளே கண்ணாடி நகர்ந்து வெள்ளை சிவப்பாகும், சிவப்பு பச்சையாகும். மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை ஒழுங்காக நறுக்கி, கண்ணாடியில் படிந்த கரியைச் சாம்பலால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். திரி கோணலாக இருந்தால் சுடர் புகையும். புகைந்தால் பச்சை மங்கலாகத் தெரியும். மங்கலாகத் தெரிந்தால் டிரைவர் சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைப்பார். அரைப்பாவாடை கட்டின வயதில் எனக்கு இது தெரியும். அந்த விளக்கைப் பின்னாளில் கழிவு ஏலத்தில் அப்பா எடுத்தார். அதைத்தான் கொண்டு போகிறேன்.

ஏக்கத்தில் கஷ்டத்தை மறைத்துவிடக் கூடாது. அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிற பழைய பயர்மேன் ஒருவர் கையைத் திருப்பினால் முழங்கைவரை தீக்காயத் தழும்பு. மணிக்கணக்கில் நின்றபடி கரி வாரிப் போட வேண்டும். எஞ்சினில் கழிப்பிடம் இல்லை. எட்டு மணி நேர வேலை என்பது கனவாக இருந்த காலம். 1974 மே 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் சுமார் பதினேழு லட்சம் பேர் கலந்துகொண்ட அந்தப் போராட்டம் மே 27 அன்று முடித்துக்கொள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், வேலை இழந்தார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேலை போனவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக் கீமேன். ஊருக்குத் திரும்பி அண்ணனோடு தறிக் குழியில் உட்கார்ந்தார். தண்டவாளச் சாவியைச் சுத்தியலால் அடித்துப் பழகிய கை, பட்டு இழையில் தடுமாறியது. அறுந்த இழையை முடிச்சுப் போடவே முதல் மாதம் முழுக்கப் போயிற்று என்பார். 1977இல் ஆட்சி மாறியபின் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். “நான் நெஞ்ச சேலைய எந்த மகராசி கட்டினாளோ, அதுல நூறு முடிச்சு இருக்கும்” என்று அவர் சொல்கிறபோது கூடத்துத் தறியைப் பார்த்துத்தான் சொல்கிறார். அந்தப் போராட்டத்தில் கேட்ட போனஸ் 1979இல் கிடைத்தது. அது யாரால் கிடைத்தது என்று அங்கே இருப்பவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டர் கேஜ் போனதும் நியாயம்தான். 1870களில் செலவைக் குறைக்க வெள்ளைக்காரன் தேர்ந்தெடுத்த ஒரு மீட்டர் அகலம், நூறு வருஷம் கழித்து நாட்டைக் கட்டிப்போட்டது. ஒரு பாதையின் வேகன் இன்னொரு பாதையில் ஓடாது. அகலம் மாறுகிற இடத்தில் அத்தனை மூட்டையையும் கூலியாட்கள் முதுகில் மாற்ற வேண்டும். 1992இல் எல்லாப் பாதையையும் அகலமாக்கும் யுனிகேஜ் திட்டம் வந்தது. 1891 முதல் ஓடிய எங்கள் விழுப்புரம் – காட்பாடிப் பாதையும் மூடப்பட்டு, 2010இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் கண்டோன்மென்ட் என்று அதே நிலையங்கள்தான். வண்டியின் வேகம் கூடியது. தீபத்துக்குப் போகிறவர்கள் கூரைமேல் உட்கார்ந்து போக வேண்டிய நிலை மாறியது. 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கே நேரடி வண்டி. யாருக்காக உழைத்தார்களோ அந்த ஜனத்துக்கு நல்லது நடந்ததில் இவர்களுக்குச் சந்தோஷம்.

ஆனால் பழைய பாதையில் கடைசி வண்டி போன நாளைப் பற்றி எஸ்.எம். சாரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மீட்டர் கேஜ் தண்டவாளத்தை இன்று தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்துக்குப் போக வேண்டும். உதகை மலை ரயில் ஒன்றுதான் மிச்சம். இவர்களில் சிலர் பாஸ் எடுத்துக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மலையையும் குகையையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்டவாளத்துக்கு நடுவில் இறங்கி நின்று, ஒரு மீட்டரைக் கால் அடியால் அளந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

எஞ்சின்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் 2002இல் திறந்தார்கள், திருச்சியில் 2014இல் திறந்தார்கள். போய்ப் பாருங்கள், நன்றாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற டோக்கன் எந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்.எம். சார் மாதிரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேஸ்திரி வாயால் மழை ரோந்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும். டிரைவர் மனைவி சொன்ன அந்த இரண்டு நீண்ட ஊதலை யாராவது எழுதி வைக்க வேண்டும். போன வருஷம் பாயில் இருந்தவர்கள் எல்லாரும் இந்த வருஷம் இல்லை. அவர்களுடைய பெட்டிகளைப் பிள்ளைகள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்த இரும்பு என்ன செய்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கு ரயில் வரும் என்ற பேச்சும் அந்தக் கூடத்தில் உண்டு. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யார், ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக ஆந்திரத்து நகரிவரை சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. அப்போது அரக்கோணம் தொகுதி எம்.பி. ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சர். அதன் பிறகு ஒவ்வொரு பட்ஜெட் அன்றும் ஊர் காது கொடுத்துக் கேட்கிறது. சம்பந்தர் பாடி ஆண்பனை குலை தள்ளிய தலம் இது. நம்பிக்கையை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள். ஸ்டேஷன் எங்கே வரும் என்பதில் கார்டு சாருக்கும் மேஸ்திரிக்கும் வருஷா வருஷம் சண்டை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளத்தில் கரை நிற்காது என்பது மேஸ்திரி கட்சி. ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில் வைத்தால் ஜனம் எப்படிப் போகும் என்பது கார்டு சார் கட்சி. வாழ்க்கை முழுக்க மற்ற ஊர்களுக்கு வண்டி அனுப்பியவர்கள், தங்கள் ஊரில் ஒரு வண்டிக்குக் கொடி காட்டாமலே வயதாகிவிட்டார்கள். இது எனக்கு ஆறவில்லை.

இந்த முறை கார்டு சார் தம்பியின் பேத்தி தறி ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறாள். கையில் ஒரு நோட்டு. முதலில் கூச்சம், பிறகு வளையத்தை எடுத்து எஸ்.எம். சாரிடம் ஏதோ கேட்டாள். அவ்வளவுதான், நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரி குரலை உயர்த்தினார். டிரைவர் மனைவி, “பொண்ணு ஒண்ணு கேட்டா ஒருத்தர் சொல்லுங்க, சந்தையா இது?” என்று அதட்டினார்.

கார்டு சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நடுவழியில வண்டி நின்னுபோச்சு. நீதான் கார்டு. இன்னா பண்ணுவே?” என்று கேட்டார்.

“இப்ப கார்டு இல்ல தாத்தா, டிரெயின் மேனேஜர். 2022லயே மாத்திட்டாங்க.”

“இன்னாவோ ஒண்ணு. இன்னா பண்ணுவே, சொல்லு.”

“இறங்கிப் பின்னால நடக்கணும். அறுநூறு மீட்டர்ல ஒரு டெட்டனேட்டர். ஆயிரத்து இருநூறு மீட்டர்ல மூணு, பத்து மீட்டர் இடைவெளியில.”

“தப்பு. நானூறு, எண்ணூறு” என்றார் கார்டு சார் சட்டென்று.

அவள் நோட்டைப் புரட்டிக் காட்டினாள். எஸ்.எம். சார்தான் மெதுவாகச் சொன்னார்: “நம்மது மீட்டர் கேஜ் கணக்கு, கார்டு சார். இது பிராட் கேஜ். பாப்பா சொல்றது சரி.”

கார்டு சார் நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஆயிரத்து இருநூறா? ரொம்ப தூரம் நடக்கணுமே” என்றார். பிறகு அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய வேட்டியின் மேல் இருந்த ஊதலை எடுத்து உள்ளங்கையில் துடைத்தார்.

“சரி, இறங்கி நடக்க ஆரம்பிச்சுட்ட. ராத்திரி. மழ வேற. டெட்டனேட்டர் எந்தக் கையில, லாம்ப் எந்தக் கையில? அது உன் நோட்டுல இருக்குதா?”

இல்லை என்று அவள் தலையசைத்தாள்.

“எழுதிக்க” என்றார்.